எந்தத் தடவை கணக்கு?

இரட்சிப்பின் ஜெபமும் அதற்குப் பிந்திய நாட்களும்
(போடிநாயக்கனூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பிள்ளைகள் தங்கள் தகப்பனார் நினைவாக ஒரு வளைவோ மண்டபமோ கட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு மாலை ஊர் கூடி ஒரு பொருளைச் சிந்திக்கட்டும் என்று வைப்புநிதி போட்டிருக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். அந்தப் பெரியவர் உபதேசியாராக இருந்தவர். இந்த மலையடிவாரத்துச் சிற்றூர்களுக்கு மிதிவண்டியிலும் கால்நடையாகவும் போய்வந்தவர். ஒரு வீட்டில் ஜெபம் செய்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் அதே வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். இன்று நான் பேசப்போவது அந்தத் திண்ணையைப் பற்றித்தான்.

1. பைபிள் அட்டைக்குள் நான்கு தேதிகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். விடியுமுன் சோற்றைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினால், போடிமெட்டு வளைவுகளைக் கடந்து பூப்பாறைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் இறங்குவார். மாலையில் அதே ஜீப்பில் திரும்புவார். நகக்கண்ணில் தோட்டத்து மண் இருந்தது. ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தபின், பைபிளைக் கொண்டுவந்து பின்னட்டையைத் திறந்து காட்டினார். உள்பக்கத்தில் நான்கு தேதிகள். நான்கும் நான்கு பேருடைய கையெழுத்து.

"சார், நாலு தடவை கையத் தூக்கியிருக்கேன். நாலு தடவையும் ஐயா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொருத்தரும் இதுதான் நீ இரட்சிக்கப்பட்ட நாள்னு எழுதிக் குடுத்தாங்க. அதுல எந்தத் தடவை கணக்கு?"

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. உண்மையான கலக்கம் இருந்தது. முதல் தேதி ஊர் மைதானத்துக் கூட்டத்தில் எழுதியது. இரண்டாவது தோட்டத்து லயத்தில். மூன்றாவது மதுரையில் நடந்த கன்வென்ஷனுக்கு வேனில் அழைத்துப் போனபோது. நான்காவது, மகனுக்கு மஞ்சள்காமாலை வந்த சமயத்தில் வீட்டுக்கு வந்த ஒரு ஊழியக்காரர் எழுதியது. நான்கு முறை அந்தத் தாய் தன் வாயால் கடவுளிடம் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறார். கையைத் தூக்கச் சொன்ன நால்வரில் ஒருவர்கூட மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த உரையை ஆயத்தம் செய்தேன்.

2. இந்த ஜெபம் எங்கிருந்து வந்தது?

"ஆண்டவரே, நான் பாவி, என்னை மன்னியும், என் உள்ளத்தில் வாரும்" என்ற பொருளில் போதகர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்கிறது. அப்போஸ்தலர் காலம் முதல் இப்படித்தான் நடந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேதாகமத்தில் இந்த வடிவத்தில் ஒரு ஜெபம் இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்ட ஆயக்காரன் உண்டு. அவனுக்கு யாரும் வரி சொல்லிக் கொடுக்கவில்லை. வாசற்படியில் நின்று தட்டுகிற கிறிஸ்துவைப் பற்றி வெளிப்படுத்தின விசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அதைச் சொல்லித்தான் பெரும்பாலும் இந்த அழைப்பைக் கொடுக்கிறார்கள். ஆனால் அது லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்து வெதுவெதுப்பாகிப் போனவர்களுக்கு.

இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. சார்லஸ் ஃபின்னி என்ற எழுப்புதல் பிரசங்கியார் 1830-31இல் ராச்செஸ்டர் நகரத்தில் நடத்திய கூட்டங்களில், மனம் கலங்கியவர்கள் முன்னால் வந்து உட்கார ஒரு வரிசை இருக்கை போட்டார். முடிவெடுப்பது மனிதனின் கையில் இருக்கிறது, அதை இப்போதே எடுக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. 1843இலேயே ஜான் நெவின் என்ற இறையியலார் அந்த இருக்கையைக் கண்டித்து ஒரு தனி நூல் எழுதினார். முன்னே நடந்து வருவதையே மனந்திரும்புதல் என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். அதன்பின் மூடி என்ற பிரசங்கியார் விசாரணை அறைகளை வைத்தார். 20ஆம் நூற்றாண்டில் பில்லி கிரஹாம் கூட்டங்களில் ஆலோசகர்களும் பெயர் எழுதும் அட்டைகளும் வந்தன. பில் பிரைட் எழுதிய நான்கு ஆவிக்குரிய விதிகள் என்ற சிறு கைப்பிரதி, முடிவில் ஒரு ஜெபத்தை அச்சிட்டு, உலகமெங்கும் போயிற்று.

1956இல் பில்லி கிரஹாம் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்தார். கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். அவர் அமைப்பில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: முன்வந்தவர்களின் பெயரை உள்ளூர்ச் சபைகளிடம் ஒப்படைப்பார்கள். பின்னாளில் நம் மைதானங்களுக்கு அந்த அழைப்பும் ஜெபமும் வந்து சேர்ந்தன. ஒப்படைப்பு மட்டும் வந்து சேரவில்லை.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. இந்த ஜெபம் மூடநம்பிக்கையாகிவிட்டதோ என்று அமெரிக்க சதர்ன் பாப்டிஸ்டுகளின் இளம் போதகர்களே கேட்டார்கள். 2012 ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் மாநாடு கூடியபோது இதை விவாதித்து, ஜெபத்தை ஆதரித்தே தீர்மானம் போட்டார்கள். ஆனால் சொற்களை உச்சரிப்பதை மந்திரம்போல் கருதக் கூடாது என்ற கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

3. நம் மண்ணில் பழைய வழி

தமிழ்நாட்டுத் திருச்சபையின் பழைய வழி வேறு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற மிஷனரி வந்திறங்கினார். முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1707 மே மாதத்தில். அந்த ஐவரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமை வேலை செய்தவர்கள். வந்த அன்றே தண்ணீர் ஊற்றவில்லை. மாதக்கணக்கில் உட்காரவைத்துக் கேள்வியும் பதிலுமாகப் போதித்தார்கள். ஞானோபதேசம் என்பது நம் சபைகளில் அப்படித்தான் வேரூன்றியது. உபதேசியார் என்ற பதவியும் அந்தத் தேவையிலிருந்துதான் வளர்ந்தது.

திடீர் எழுப்புதல் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் தலைமையில் 1860இல் பெரும் எழுப்புதல் எழுந்தது. மக்கள் சபை நடுவே கதறிப் பாவத்தை அறிக்கையிட்டார்கள். அது வெள்ளைக்காரர் மூட்டிய நெருப்பல்ல. அதன் அடையாளமாகச் சொல்லப்படுவது கண்ணீர் மட்டுமல்ல. சம்பளம் வாங்காமல் ஆண்களும் பெண்களும் ஊர் ஊராகப் போனது.

நம் பகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். ஃபின்னி இருக்கை போட்டது எந்தப் பத்தாண்டோ அதே பத்தாண்டு. பெரியகுளம் அவர்களுடைய நிலையங்களில் ஒன்று. அங்கே பணியாற்ற வந்த டேவிட் காயிட் ஸ்கடர் என்ற இளைஞர், தமிழ் படித்துக்கொண்டு ஊர்களுக்குப் போய்வந்த நாளில், 1862 நவம்பரில் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் இறந்தார். வயது 27.

மதுரை மிஷனின் கணக்குப் புத்தகத்தில் ஒரு நுட்பம் உண்டு. சபைக்கு வருகிறவர்கள் ஒரு பட்டியல். சபை அங்கத்தினர் வேறு பட்டியல். முன்னதில் பெயர் சேர, வழிபாட்டுக்கு வருவதும் பழைய வழிபாட்டை விடுவதும் போதும். பின்னதில் சேர, விசாரித்துத் தேர்ந்தபின்தான். ஆண்டுகள் ஆகும். 1847இல் அந்த மிஷன், சாதியை விடுவதை அங்கத்தினருக்கு நிபந்தனையாக்கியது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்களும் செமினரி மாணவர்களும் பலர் விலகிப்போனார்கள். மிஷன் தன் உழைப்பாளர்களை இழந்தது. ஆனால் மனந்திரும்புதல் என்பது பந்தியில் தெரிய வேண்டும் என்ற கொள்கையை விடவில்லை.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. ஏழை எளியவரை வெள்ளைக்காரர் உட்காரவைத்துப் பரீட்சித்தார். நீ தகுதியா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தடையை உடைத்ததுதான் இன்றைய இரட்சிப்பின் ஜெபத்தின் பெருமை. எழுத்தறியாத ஒரு பெண், எந்த ஐயருடைய அனுமதியும் இல்லாமல், தன் வாயால், தன் மொழியில், கடவுளோடு பேசலாம் என்று அது சொன்னது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! அதைக் குறைத்துப் பேச என் நாக்கு எழும்பாது.

4. மீட்பு என்ற சொல்

நாம் இரட்சிப்பு என்கிறோம். கத்தோலிக்க சகோதரர்கள் மீட்பு என்கிறார்கள். போடிக் கடைவீதியில் மீட்பு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் தோட்டை அடகு வைக்கிறோம். காய் எடுப்புக் கூலி வந்ததும் மீட்கிறோம். மீட்ட தோட்டை என்ன செய்கிறோம்? வீட்டுக்குக் கொண்டுவந்து காதில் போட்டுக்கொள்கிறோம். அசலும் வட்டியும் கட்டி மீட்டுவிட்டு, கடை மேசையிலேயே நகையை விட்டுவிட்டு வருகிறவர் யாராவது உண்டா? விலை கொடுத்து மீட்ட ஆத்துமாவை மைதானத்திலேயே விட்டுவிட்டு வேறு மைதானத்துக்குப் போவது அப்படித்தான்.

இன்னொரு கேள்வி: என்னைக் காப்பது என் கை உயர்வா, அவர் கிருபையா? இந்தக் கேள்வி தமிழ் மண்ணுக்குப் பழையது. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் பக்தன் இறைவனைப் பற்ற வேண்டும் என்றனர் வைணவத்தில் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் இறைவனே தூக்கிக்கொள்வான் என்றனர் தென்கலையார். நூற்றாண்டுகளாக நடந்த வாதம் அது. ஃபின்னியின் வழி குரங்குக் குட்டியின் வழி. பிடி நழுவினால்? மறுபடி பிடி. மறுபடி நழுவினால்? மறுபடி கைதூக்கு. பைபிள் அட்டைக்குள் நான்கு தேதிகள் சேர்ந்த கதை அதுதான். தன் பிடி இறுகியதா என்று அந்தத் தாய் ஒவ்வொரு இரவும் பார்க்கிறார். தாய்ப்பூனையின் பிடியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

5. சொல்லாமல் விட்டவை

கூட்டங்களில் பாவப் பட்டியல் நீளமாக வாசிக்கப்படுகிறது. குடி, சினிமா, பொய், விபசாரம். சாதி அந்தப் பட்டியலில் எப்போதாவதுதான் வருகிறது. 1989இல் இதே போடியும் சுற்றுக் கிராமங்களும் சாதிக் கலவரத்தில் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அந்த நெருப்பைக் கண்ட ஊரில், சாதியைப் பாவமென்று பெயர் சொல்லிக் கூப்பிடாத இரட்சிப்புப் பிரசங்கம் முழுப் பிரசங்கமாகாது. சகேயு உள்ளத்தில் மட்டும் மாறவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பினான். பிலிப்பியில் சிறைக்காவலன், தான் இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். அந்த இராத்திரியே, தன் காவலில் அடிபட்டுக் கிடந்தவர்களின் காயத்தைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டான். நான் படித்த மனந்திரும்புதல்களில் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தைப் போல் நெஞ்சைத் தொட்டது வேறில்லை.

சொல்லாமல் விட்ட இன்னொன்று உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தத் தடை நீங்கியது, கிறிஸ்தவருக்கு நீங்கவில்லை. இது நியாயமா என்பது வேறு விவாதம். அநியாயம் என்பதே என் கருத்து. ஆனால் ஞானஸ்நானம் எடுத்தால் பிள்ளையின் சான்றிதழ் என்ன ஆகும் என்பதை ஒரு தாய்க்கு முன்னமே சொல்ல வேண்டாமா? செல்லும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கோபுரம் கட்டச் சொன்னவர் நம் ஆண்டவர். செலவை மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமல்ல.

அதேபோல, நோய் தீரும், கடன் தீரும், பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லிக் கேட்கும் கைகள். சுகத்துக்காக ஜெபிப்பது தவறல்ல, நானும் ஜெபிக்கிறேன். சுகத்தைக் காட்டி ஒப்புக்கொடுக்கச் சொல்வது தவறு. மகன் காய்ச்சலில் கிடக்கும்போது எந்தத் தாயும் எதையும் திருப்பிச் சொல்வாள்.

அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு நமக்குச் சமயத்தைப் பரப்பும் உரிமை தந்திருக்கிறது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் வரும் போகும். சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக நடக்க வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பதே போதுமான காரணம்.

6. மூன்று ஆண்டு காத்திருக்கும் கை

ஏலச்செடியை வளர்த்தவர்கள் இந்த ஊரில் நிறைய. நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல் காக்கிறோம். மழை பிடித்ததும் நடுகிறோம். காய்ப்புக்கு மூன்றாம் ஆண்டு வரை பொறுக்கிறோம். காய்க்கத் தொடங்கினாலும் ஒரே நாளில் பறித்து முடிவதில்லை. ஒரே சரத்தில் அடியில் முற்றிய காய் இருக்கும், நுனியில் பூ இருக்கும். முப்பது நாற்பது நாளுக்கொரு முறை அதே செடிக்குத் திரும்பிப் போய்க் குனிந்து உட்கார்ந்து, முற்றியதை மட்டும் எடுக்கிறார்கள் நம் பெண்கள். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிளந்து அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டு வெள்ளரிசிக் காயைப் பறித்தால், ஸ்டோரில் உலர்த்தும்போது சுருங்கிப்போகும். ஏலத்தில் விலை போகாது.

இந்தத் தொழில் அறிந்த ஊர் ஆத்தும அறுவடையில் மட்டும் ஏன் அவசரப்படுகிறது? ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24 மாலை உள்ளம் அனலானது என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்கிறார்கள். அவர் அதற்குப்பின் செய்ததைச் சொல்வதில்லை. மனம் தொடப்பட்டவர்களை ஏறக்குறையப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வாரந்தோறும் கூட்டி, ஒவ்வொருவரையும் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்கவைத்தார். கூட்டம் போட்டவர்கள் பலர். வகுப்பு வைத்ததால்தான் வெஸ்லியின் வேலை நிலைத்தது.

எனவே, இந்த ஊரின் எல்லாச் சபைகளுக்கும் ஊழியக்காரர்களுக்கும் என் வேண்டுகோள். கூட்டம் நடத்துங்கள், அழைப்பும் கொடுங்கள். ஆனால் ஒரு பெயரை எழுதுமுன், அடுத்த ஓராண்டு அந்த வீட்டுக்குப் போகப்போவது யார் என்று அதே தாளில் எழுதுங்கள். எழுத ஆளில்லை என்றால் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒப்புக்கொடுத்தவர் என்றால் புதிய தேதி எழுதாமல் பழைய தேதியை நினைவூட்டுங்கள். ஞானஸ்நானத்துக்குமுன் அதன் விலையைச் சொல்லுங்கள். சாதியை அறிக்கையிடும் பாவங்களில் சேருங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். வேறு சபைக்காரர் விதைத்த வீட்டில் உங்கள் பலகையை மாட்டாதீர்கள்.

அந்தத் தாய்க்கு நான் சில மாதம் கழித்துத்தான் பதில் சொன்னேன். "அம்மா, நாலு தடவையும் கணக்குதான். ஆனா கணக்கு வைக்கிறது நீங்க இல்ல, அவரு. அவரு உங்கள முதல் தடவையே கேட்டுட்டாரு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "அப்ப அடுத்த வாரமும் வருவீங்களா சார்?"

இந்த அரங்கை விட்டுப் போகும்போது நாம் எல்லாரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அடுத்த வாரமும் போவோம்.